எழுத்துப் பக்கம் மேலே

தையல்காரர் வெள்ளைத் துணியின் மூன்றாவது ஓரத்தை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தபோது, மைத்துனி வந்து தையல் மெஷினின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள்.

"அத்தான், போதும். உள்ள அக்காவ வச்சுக்கிட்டு இங்க கடகடன்னு தச்சுக்கிட்டு இருக்கீங்களே, வந்தவங்க என்ன நெனைப்பாங்க?"

"ஓரம் பிரியுதும்மா. கடையில வாங்குன துணி. நூல் நூலா தொங்குது பாரு."

"இத யாரு பாக்கப் போறா?"

"அவ பாப்பா," என்றார் தையல்காரர். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கிறுக்குத்தனம் என்று அவருக்கே பட்டது. ஆனாலும் சொன்னதைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. சக்கரத்தின் மேலிருந்த அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு, நாலாவது ஓரத்தையும் தைத்து முடித்து, நூலை வெட்டி, துணியை அவள் கையில் கொடுத்தார்.

"இப்பப் போத்து. கோணல் இல்லாம."

அந்த முன்னறை நீளமானது. சன்னலை ஒட்டியிருந்தது அவருடைய பாதி. தையல் மெஷின், வெட்டும் மேசை, தைத்து முடித்த பள்ளிச் சீருடைகளின் அடுக்கு. உள்சுவரை ஒட்டியிருந்தது மனைவியின் பாதி. இரும்பு மேசை, டப்பா டப்பாவாகத் திருகாணிகள், ஆணிகளில் தொங்கும் செயின்சா ரம்பங்கள். மரம் அறுக்கிறவர்கள் பழுதான ரம்பங்களோடு எங்கெங்கோ இருந்து அவளைத் தேடி வருவார்கள். இரண்டு பாதிக்கும் நடுவே தரையில் ஒரு சுண்ணக்கட்டிக் கோடு. கல்யாணமான புதிதில் யாருடைய சட்டையிலோ கிரீஸ் பட்டு, இருவரும் நாலு நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்து, ஐந்தாம் நாள் அவளாகப் போட்ட கோடு அது. தெருவில் அவளுக்கு ஸ்பானரக்கா என்று பெயர். அவருக்குப் பெயர் ஊசி. பாதிப் பேருக்கு அவரை ஸ்பானரக்கா வீட்டுக்காரர் என்றுதான் தெரியும். அதில் அவருக்கு வருத்தமே இல்லை என்று சொல்லிக்கொள்வார். கொஞ்சம் இருந்தது.

நேற்று விடியற்காலையில் மருத்துவமனையில் அவள் போய்விட்டாள். நாலு நாள் இதயத்தோடு மல்லுக்கட்டிப் பார்த்தார்கள், முடியவில்லை. இப்போது உள்ளறையில், பெட்டிக்குள் கிடக்கிறாள். பதினோரு மணிக்கு வண்டி வரும்.

காலையிலிருந்து வந்தவர்கள் எல்லோரும், சொல்லி வைத்தாற்போல, ஒரே வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போனார்கள். பாவம். எப்படி இருந்த மனுஷி, பாவம். கடைசி வரைக்கும் உழைச்சுக் கொட்டுச்சு, பாவம். உயிரோடு இருந்தபோது இதை யாராவது அவள் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் கையிலிருந்த ஸ்பானர் பறந்திருக்கும். ஒருமுறை பறந்தும் இருக்கிறது. இன்னொருமுறை, 'பொம்பளையா இருந்துகிட்டு இவ்வளவு கஷ்டம், பாவம்' என்ற ஓர் ஆளின் ரம்பத்தை, பிரித்தது பிரித்தபடி ஒரு சாக்கில் கட்டி அவன் கையிலேயே கொடுத்து அனுப்பினாள். அவன் மூன்றாவது நாள் திரும்பி வந்து வாசலில் நின்றது தனிக் கதை.

தையல்காரர் ஒவ்வொரு பாவத்துக்கும் தலையை ஆட்டினார். பல்லைக் கடித்துக்கொண்டு ஆட்டினார்.

ஒன்பதரை மணிக்கு மரக்காரர் வந்தார். நாலு குழு ஆட்களை வைத்து மரம் அறுக்கிறவர். இருபது வருடமாக அவருடைய ரம்பங்கள் எல்லாம் இந்த வீட்டில்தான் உயிர் பிழைத்திருக்கின்றன. பெட்டியின் அருகே நின்று அவர் அழுதது நிஜமான அழுகை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு முன்னறைக்கு வந்து, தையல்காரரின் மகன் பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தினார். மகன் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறவன், எதையும் மெதுவாகவும் தெளிவாகவும் பேசுவான்.

"தம்பி, இத இப்ப சொல்லக் கூடாதுதான்," என்று ஆரம்பித்தார் மரக்காரர். இப்படி ஆரம்பிக்கிறவர்கள் சொல்லாமல் விட்டதாகச் சரித்திரம் இல்லை. "அக்கா கடைசியா ரிப்பேர் பண்ணுன மெஷின, அவங்க ஆஸ்பத்திரியில இருந்தப்ப நீங்க எடுத்துக் குடுத்தீங்கல்ல. ஸ்டார்ட் ஆகுது. ஒரு பத்து செகண்டு. அப்புறம் செத்து..." நாக்கைக் கடித்துக்கொண்டார். "நின்னு போயிருது."

"நான் இழுத்துப் பாத்தப்ப ஸ்டார்ட் ஆச்சேண்ணே. ஆனதும் நிறுத்திட்டேன்."

"ஸ்டார்ட் ஆகும். ஓடாது. புது பெட்ரோல் டியூப் போட்டேன், ஃபில்டர் மாத்துனேன், கார்புரேட்டர கழுவுனேன். ம்ஹூம். நான் குறையா சொல்லல தம்பி. உடம்பு முடியாம பண்ணுன வேலை, கை தப்பிருச்சு. அக்காவுக்கே அப்பிடி ஆயிருச்சேன்னு நெனைச்சா... பாவம்."

"கொஞ்ச நாளாவே அம்மாவுக்கு ஞாபகம் சரியில்லண்ணே. பால அடுப்புல வச்சுட்டு மறந்துருவாங்க. வேலைய விடுங்கம்மான்னு நானும் சொல்லிட்டேதான் இருந்தேன். கேக்கல. பாவம், என்ன பண்றது."

சன்னலோரம் உட்கார்ந்திருந்த தையல்காரருக்கு அத்தனையும் காதில் விழுந்தது. பாலை அவள் இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலிருந்தே பொங்கவிட்டாள். முப்பத்தொரு வருடமாகப் பொங்கவிட்டாள். அது ஞாபக மறதி என்றால் அவள் பிறந்ததிலிருந்தே மறதிக்காரிதான். ஆனால் ஒரு ரம்பம் அவள் கையைவிட்டு ஓடாமல் போனதில்லை. இன்னும் ஒன்றரை மணி நேரத்தில் அவளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அதற்குப் பிறகு அவளுக்கு இந்த ஊரில் மிஞ்சப்போவது ஒரு பேர்தான். அதையும் இவர்கள் நல்ல மனதோடு, கண்ணீரும் கம்பலையுமாக, இப்போதே குழி தோண்டிப் புதைக்கிறார்கள்.

அவர் எழுந்தார்.

"அந்த மெஷின் எங்க இருக்கு?"

மரக்காரர் திரும்பிப் பார்த்தார். "வேன்ல கெடக்குண்ணே. போற வழியில கம்பெனிக் கடையில குடுத்துரலாம்னு..."

"எடுத்துட்டு வாங்க."

"இப்பவா?"

"இப்பத்தான்."

"அப்பா," என்றான் மகன். "வண்டி வர்ற நேரம். வந்தவங்க எல்லாம் உக்காந்திருக்காங்க. அப்புறம் பாத்துக்கலாம்."

"அப்புறம்னா எப்ப? அவளக் கொண்டு போனதுக்கு அப்புறமா?"

"உங்களுக்கு இந்த வேலை தெரியாதுப்பா."

"முப்பத்தொரு வருஷமா எதுத்தாப்புல உக்காந்திருக்கேன்டா. காது கேக்குது. கண்ணும் தெரியுது. போங்க, எடுத்துட்டு வாங்க."

ஊசி இவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. மரக்காரர் எழுந்து வேனுக்குப் போனார்.

தையல்காரர் கோட்டைத் தாண்டி அவளுடைய முக்காலியில் உட்கார்ந்தார். முக்காலி அவருக்குக் குட்டை, முழங்கால்கள் நெஞ்சுக்கு வந்தன. ரம்பம் மேசைக்கு வந்ததும் முதலில் சங்கிலியையும் அது ஓடும் நீளத் தகட்டையும் கழற்றினார். மேல் மூடி, காற்று வடிகட்டி, கார்புரேட்டர், புகைக்குழாய். கழற்றியதையெல்லாம் இடமிருந்து வலமாக வரிசையாக ஒரு துணியில் அடுக்கினார். அவள் அப்படித்தான் அடுக்குவாள், அவரும் சட்டையின் துண்டுகளை அப்படித்தான் அடுக்குவார். யார் யாரிடமிருந்து கற்றுக்கொண்டது என்பது வீட்டில் தீராத வழக்கு.

உள்ளறையிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. மைத்துனி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "அத்தானுக்கு என்னமோ ஆயிருச்சு," என்று யாரிடமோ சொன்னாள். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. கோபம் வந்திருந்தது, அவ்வளவுதான். அவருக்குக் கோபம் வருவது அபூர்வமாகையால் பார்க்கிறவர்களுக்கு அது நோய் மாதிரி தெரிந்தது.

சிலிண்டரைப் பிடித்திருந்த நாலு போல்ட்டுகளைத் தளர்த்திக்கொண்டிருந்தபோது வாசலில் வண்டி வந்து நின்றது. பத்தரைதான் ஆகியிருந்தது. ஓட்டுநர், ஒடிசலான நடுவயது ஆள், உள்ளே வந்து நின்று பார்த்தார்.

"ஐயா, பொறப்படலாங்களா? பன்னெண்டு மணிக்கு எனக்கு இன்னொரு வீடு இருக்கு."

"பதினொண்ணுன்னுதானே சொன்னீங்க?"

"கொஞ்சம் முன்னாடி கெளம்புனா நல்லது."

"பதினோரு மணிக்கு முன்னாடி இந்த வீட்டுலேருந்து யாரும் கெளம்பல," என்றார் தையல்காரர், தலையை நிமிர்த்தாமல். ஓட்டுநர் மகனைப் பார்த்தார். மகன் கையை விரித்தான்.

போல்ட்டுகள் வந்துவிட்டன. சிலிண்டரைச் சற்றே அசைத்து மேலே தூக்கினார். பிஸ்டன் எண்ணெய்ப் பளபளப்போடு நிமிர்ந்து நின்றது. கீறல் இல்லை, சூட்டுக் கறை இல்லை. அவள் புதிதாகப் போட்ட வளையங்கள் போட்டபடியே இருந்தன. திறந்த வாயில் ஒன்றும் விழுந்துவிடாதபடி ஒரு சுத்தமான துணியைச் சுருட்டி அடைத்துவிட்டு அடிப்பாகத்தைப் பார்த்தார்.

அங்கேதான் பேக்கிங் இருக்கும். சிலிண்டர் வந்து உட்காரும் இடத்தில், இரண்டு உலோகத்துக்கும் நடுவே, காற்று கசியாமல் இருக்க வைக்கிற காகிதம் அது. நகம் கனம்கூட இருக்காது. பழைய மாடல்களுக்கு அது கடையில் கிடைப்பதில்லை, தாளை வாங்கி வெட்டிக்கொள்ள வேண்டும். அவள் வெட்டினால் எலி கடித்தது மாதிரி இருக்கும். அதனால் அந்த வேலை மட்டும் கோட்டைத் தாண்டி அவருக்கு வந்தது. துணிக் கத்தரியைக் காகிதத்தில் வைக்க எந்தத் தையல்காரனும் சம்மதிக்க மாட்டான். அவரும் சம்மதிக்காமல் அதற்கென்று தனியாக ஒரு கத்தரி வாங்கினார். ஒவ்வொரு மாடலுக்கும் அட்டையில் அளவு வெட்டி, காலர் அட்டைகளோடு சேர்த்து ஆணியில் மாட்டி வைத்தார்.

அந்தக் காகிதத்தில் நாலு போல்ட் துளைகளோடு, ஒரு மூலையில் பட்டாணியில் பாதியளவுக்கு இன்னொரு துளை உண்டு. பிஸ்டன் ஏறி இறங்கும்போது அடியில் எழும் காற்று அந்தத் துளை வழியாகப் போய்த்தான் பெட்ரோலை இழுத்துக் கொடுக்கும். அவள் அதை மூக்கு என்பாள். 'மூக்க அடைச்சா பத்து செகண்டுதாங்க, எவ்வளவு பெரிய மெஷினா இருந்தாலும்' என்பாள். துளை ஒரு பக்கத்தில் மட்டும் இருப்பதால் காகிதத்தைப் புரட்டி வைத்துவிடக் கூடாது. அதற்கு ஒரு ஏற்பாடு செய்திருந்தாள். பேக்கிங் தாளின் ஒரு பக்கத்தில் கம்பெனி எழுத்து அச்சாகியிருக்கும், மறுபக்கம் மொட்டை. எழுத்துப் பக்கம் மேலே வைத்து அவர் வெட்ட வேண்டும், எழுத்துப் பக்கம் மேலே வைத்து அவள் பொருத்துவாள். இத்தனை வருடமும் அப்படித்தான்.

ரம்பத்திலிருந்த காகிதத்தில் எழுத்துகள் மேலேதான் இருந்தன. அவள் சரியாக வைத்திருந்தாள். ஆனால் மூக்கு இருக்க வேண்டிய மூலையைக் காகிதம் மூடியிருந்தது. துளை எதிர்மூலையில், வெறும் உலோகத்தின் மேல், யாருக்கும் பயனில்லாமல் இருந்தது.

அவர் அதை நகத்தால் மெல்லப் பிரித்தெடுத்துப் புரட்டினார். மொட்டைப் பக்கத்தின் விளிம்பைச் சுற்றிப் பென்சில் கோடு. அவருடைய கோடு.

துணியில் தையல்காரன் உள்பக்கத்தில்தான் கோடு போடுவான். வெளியே தெரியும் பக்கத்தில் சுண்ணக்கட்டி படக் கூடாது. கை அப்படியே பழகியிருக்கும். அன்று மாலை நாற்பது சீருடைகளுக்குத் துணி வெட்டிவிட்டு, அதே கையோடு பேக்கிங் தாளையும் மொட்டைப் பக்கம் மேலே வைத்து, அளவு அட்டையைச் சுற்றிக் கோடு போட்டு வெட்டியிருக்கிறார். இடது கைக்கு வலது கையுறையைத் தைத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. அன்று அவள் மூச்சு வாங்கிக்கொண்டே வேலை செய்தாள். 'கொஞ்சம் படேன்' என்று மூன்று தடவை சொன்னார். 'இத மூடிட்டுப் படுக்குறேன்' என்றாள். வெட்டும்போது அவர் கவனம் தாளில் இல்லை, எதிர்ப்பக்கத்து மூச்சின் மேல் இருந்தது. ராத்திரி எட்டு மணிக்கு அவளை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள்.

மரக்காரர் குனிந்தார். "என்னண்ணே, ஏதாவது தெரியுதா?"

அந்த அறையில் இந்தக் காகிதத்தைப் படிக்கத் தெரிந்தவர் இப்போது அவர் ஒருவர்தான். கார்புரேட்டரில் தூசி என்று சொல்லிவிடலாம். பெட்ரோல் சரியில்லை என்று சொல்லிவிடலாம். புதிதாக ஒன்று வெட்டி வைத்துப் பூட்டிவிட்டால், அவள் பேரும் தப்பிக்கும், இவர் பேரும் தப்பிக்கும். மனசு ஒரு நிமிடம் அந்தப் பக்கம் சாய்ந்ததை மறைக்க வேண்டியதில்லை. முப்பத்தொரு வருடத்தில் ஒரு சட்டைகூட அவரிடம் அளவு தவறிப்போனதில்லை என்பது அவருடைய ஒரே பெருமை. ஆனால் பூசி மெழுகுகிற வேலை அவளுக்கு ஆகாது. கசிகிற இடத்தில் பசையைத் தடவி அனுப்புகிற மெக்கானிக்குகளை அவள் திட்டுகிற திட்டு, எழுத முடியாத திட்டு.

"இது என் தப்பு," என்றார்.

மரக்காரர் அவர் தோளில் கை வைத்தார். "விடுங்கண்ணே. அக்கா மேல உங்களுக்கு இருக்குற பாசம் தெரியாதா? நான்தான் இத வாய விட்டிருக்கக் கூடாது."

"பாசமும் இல்ல, பாயசமும் இல்ல! நான் வெட்டுனது தப்பு. கைய எடுங்க, இத நல்லாப் பாருங்க."

"அப்பா, எங்களுக்குப் புரியுது," என்றான் மகன், காப்பீட்டு அலுவலகத்துக் குரலில். "அம்மா மேல பழி வரக் கூடாதுன்னுதானே..."

"ஒனக்கு ஒண்ணும் புரியல. வா இங்க."

மகனின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து மேசையருகே நிறுத்தினார். ஆணியிலிருந்து அளவு அட்டையை எடுத்து அந்தக் காகிதத்தின் மேல் வைத்தார். எழுத்து மேலே இருந்தபோது பொருந்தவில்லை. புரட்டிப் பென்சில் கோட்டுப் பக்கம் மேலே வந்தபோது துளைக்குத் துளை அச்சாகப் பொருந்தியது. ஒருமுறை செய்தார். மரக்காரருக்காக இன்னொருமுறை செய்தார். வாசற்படியில் நின்ற ஓட்டுநரும் எட்டிப் பார்த்தார்.

"கோடு யாருது? என்னுது. கத்தரி யாருது? என்னுது. அவ எழுத்த மேல வச்சா. சரியாத்தான் வச்சா. புரியுதா இப்ப?"

மரக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. இருபது வருடமாக ரம்பம் பிடித்த ஆளுக்கு மூக்கு எதற்கென்று சொல்ல வேண்டியதில்லை. அடைபட்டிருந்த இடத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஆமா," என்றார்.

மகன் மட்டும் விடவில்லை. அவனும் அவளுக்குப் பிறந்தவன்தானே. "சரிப்பா. நீங்க தப்பா வெட்டியிருந்தாலும் மாட்டும்போது அம்மா பாத்திருக்கணும்ல? முன்ன மாதிரி இருந்தா பாத்திருப்பாங்கல்ல?"

தையல்காரர் அந்தக் காகிதத்தை மேசையில் வைத்துவிட்டு மகனைப் பார்த்தார்.

"அவ எல்லாத்தையும் பாப்பா. கடையில வாங்குற போல்ட்டக் கூட ஒவ்வொண்ணா வெளிச்சத்துல பிடிச்சுப் பாப்பா. கம்பெனிக்காரன் சீல் போட்டு அனுப்புன பிஸ்டனையே ரெண்டு தடவ திருப்பி அனுப்பிருக்கா. நான் வெட்டிக் குடுக்குறத மட்டும் பாக்க மாட்டா. கைய நீட்டுவா, வாங்குவா, வைப்பா. முப்பத்தொரு வருஷத்துல ஒரு தடவகூட அவ அதத் திருப்பிப் பாத்ததில்ல." குரல் உடைந்தது. உடைந்தால் உடையட்டும் என்று அதே குரலில் முடித்தார். "அதுக்குப் பேரு ஞாபக மறதி இல்லடா."

உள்ளறை வாசலில் நின்ற மைத்துனி முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். மகன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "என்ன பண்ணணும்னு சொல்லுங்க," என்றான்.

மணி பதினொன்று ஆனது. ஓட்டுநர் அதைச் சொல்லவில்லை.

பழைய பேக்கிங்கின் மிச்சத்தைத் தையல்காரர் மூங்கில் சீவலால் சுரண்டினார். இரும்பால் சுரண்டினால் கோடு விழும், கோடு வழியாகக் காற்று போகும் என்று அவள் சொல்லக் கேட்டிருந்தார். புதுத் தாளை எடுத்தார். எழுத்துப் பக்கத்தை மேலே வைத்தார். கோடு போடுவதற்கு முன் எழுத்தை ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். வெட்டினார். போல்ட் துளைகளைத் துளை உளியால் தட்டி எடுத்தார். மூக்கையும் எடுத்தார். பிசிறில்லாமல் விழுந்த அந்தக் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்து, அவள் ஒருநாளும் பார்க்காத பார்வையாகப் பார்த்தார். மகனையும் பார்க்கச் சொன்னார். மரக்காரரையும் பார்க்கச் சொன்னார்.

காகிதத்தை வைத்து, துளைகளை நேர்ப்படுத்தி, பிஸ்டனில் எண்ணெய் தடவினார். சிலிண்டரை இறக்குவதற்கு நாலு கை வேண்டியிருந்தது. அவர் தையலில் பழகிய விரல்களால் வளையங்களை உள்ளே அழுத்திப் பிடிக்க, மகன் சிலிண்டரை நேராகத் தாழ்த்தினான்.

"திருகாத. ஆட்டாத. தானா எறங்கும்."

"எறங்குதுப்பா."

"காகிதம் நகந்துச்சா?"

மகன் குனிந்து கண்ணை ஒட்ட வைத்துப் பார்த்தான். "இல்ல. அப்பிடியே இருக்கு."

போல்ட்டுகளை எவ்வளவு முறுக்க வேண்டும் என்பதுதான் அவருக்குத் தெரியாது. ஆனால் அவளிடம் ஒரு ஸ்பானர் இருந்தது, போதுமான அளவு முறுகியதும் டக்கென்று சத்தம் கொடுக்கும். தைத்துக்கொண்டே அந்தச் சத்தத்தை எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பார்! முதலில் நாலு டக், பிறகு கைப்பிடியில் குறித்திருக்கும் அளவைக் கூட்டி வைத்து இன்னும் நாலு. ஒன்றுக்கு அடுத்து அதன் குறுக்கே இருப்பது, பக்கத்தில் இருப்பது இல்லை. நாலு டக் கேட்டது. கைப்பிடியைத் திருகினார். இன்னும் நாலு கேட்டது. உள்ளறையில் பேச்சு நின்று போயிருந்தது. அவர்களுக்கும் அந்தச் சத்தம் தெரியும்.

மிச்சத்தையெல்லாம் மாட்டி, ஒரு தம்ளர் அளவு பெட்ரோல் கலவையை ஊற்றி, மரக்காரர் ரம்பத்தை வாசலுக்குக் கொண்டுபோனார். பின்னாலேயே எல்லோரும் வந்தார்கள். சாவு வீட்டில் இது என்ன கூத்து என்று சொல்ல வந்தவர்கள் உட்பட.

மரக்காரர் காலை ஊன்றிக்கொண்டு கயிற்றை இழுத்தார். ஒன்று. இரண்டு. மூன்றாவது இழுப்பில் இருமியது. நாலாவதில் பிடித்துக்கொண்டது. தெருவே அதிர்ந்தது. எதிர்வீட்டுச் சன்னல் ஒன்று திறந்தது.

எல்லோரும் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார்கள் என்பது முகத்தில் தெரிந்தது. மகனின் உதடு அசைந்தது. எட்டு. ஒன்பது. பத்து. ரம்பம் ஓடியது. இருபது. ஓடியது. மரக்காரர் விசையை அழுத்தினார், கத்தியது. விட்டார், தாழ்ந்து ஓடியது. மறுபடி அழுத்தி மறுபடி விட்டார். ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை.

தையல்காரர் எல்லோர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பாவம் என்று இப்போது யாராவது சொல்லட்டும் பார்ப்போம் என்று நின்றார். யாரும் சொல்லவில்லை.

மரக்காரர் காதைச் சாய்த்துக் கேட்டார். "சும்மா நிக்கும்போது கொஞ்சம் வேகமா ஓடுதுண்ணே," என்று கத்தினார். "அக்காவா இருந்தா இப்பிடிக் குடுத்திருக்காது!"

அன்று காலையிலிருந்து அவளைப் பற்றி ஒருவர் சொன்ன முதல் நல்ல வார்த்தையாக அது அவருக்குப் பட்டது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. குனிந்து, பக்கவாட்டுத் திருகாணியைக் கால் சுற்றுத் தளர்த்தினார். சத்தம் தணிந்து சீரானது.

"இப்ப?"

"இப்பச் சரி."

"நிறுத்திரட்டுமாப்பா?" என்றான் மகன்.

"எதுக்கு?"

ரம்பத்தை வாசல் கல்லின் மேல் ஓடவிட்டுவிட்டு உள்ளே போனார்கள். பெட்டியைத் தூக்கினார்கள். முன்பக்கம் அவரும் மகனும், பின்பக்கம் மரக்காரரும் ஓட்டுநரும். நாலு பேரில் மூன்று பேர் கையில் எண்ணெய்க் கறை. மைத்துனி அதைப் பார்த்தாள். துடைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வந்தவள், சொல்லாமல் வழிவிட்டாள். பெட்டி ரம்பத்தைத் தாண்டிப் போனபோது அதன் புகை எல்லோர் மேலும் அடித்தது. யாரும் முகத்தைத் திருப்பவில்லை.

வண்டியின் பின்கதவைச் சாத்தினார்கள். மகனும் மற்றவர்களும் பின்னால் வரும் வண்டிகளில் ஏறப் போனார்கள். தையல்காரர் முன்னால் ஓட்டுநர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து கண்ணாடியை இறக்கினார். அவர்களுக்குப் பின்னால் வாசலில் ரம்பம் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது.

ஓட்டுநர் சாவியில் கையை வைத்தார். "ஐயா, இது டீசல் வண்டி. ஸ்டார்ட் பண்ணுனா அந்தச் சத்தம் கேக்காது."

தையல்காரர் அவரைத் திரும்பிப் பார்த்தார். "பன்னெண்டு மணிக்கு ஒங்களுக்கு இன்னொரு வீடு இருக்கே?"

"இருக்குங்க."

ஓட்டுநர் சாவியிலிருந்து கையை எடுத்துவிட்டு, தன் பக்கத்துக் கண்ணாடியையும் இறக்கினார்.